மினியும் மக்லரனும்



தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லவந்தபோது நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்பது அவர் கணக்கு. மடன் என்பதற்கு, ஒன்றைப் பிடித்தால் பிடித்ததை விடாதிருத்தல் என்ற கருத்தில் உரை சொன்னவர்கள் உண்டு. மிஸ்டர் பீனைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உரைதான் நினைவுக்கு வரும். பச்சை நிற மினி காரின் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டு, அதுவும் போதாதென்று ஸ்ரியரிங்கையும் கழற்றிக் கையோடு கொண்டுபோகிற மனிதன். சாமான்கள் நிறைந்து உள்ளே இடமில்லாமற் போனபோது, காரின் கூரையிலே சாய்மனைக் கதிரையை ஏற்றி, அதில் இருந்துகொண்டே ஓட்டியவன். பேதைமைக்கும் மடனுக்கும் இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது?

அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்த றோவன் அற்கின்சன் வேறு வார்ப்பு. 1955இல் வட இங்கிலாந்தில் ஒரு கமக்காரரின் மகனாகப் பிறந்தவர். நியூகாசிலில் மின்பொறியியல் படித்து, பிறகு ஒக்ஸ்போட்டிலே முதுமாணிப் பட்டம் பெற்றார். தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் கட்டுப்பாட்டுப் பொறிமுறை பற்றியது அவருடைய ஆய்வு. திக்குவாய் உள்ளவர், ஆனால் வேறொரு பாத்திரமாக மாறிவிட்டால் அந்தத் திக்கல் பெரும்பாலும் விலகிவிடுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். பேட்டிகளிலே அடக்கமானவர், கூச்சமுள்ளவர். உலகமெல்லாம் சிரித்த பீன், வாய் திறந்து பேசியதோ மிகச் சொற்பம். 1990இல் தொடங்கி 1995 வரை வந்தவை வெறும் 15 அங்கங்கள்தான் என்றால் நம்பமாட்டீர்கள்.

இந்தக் கூச்சக்காரருக்குக் கார்ப் பித்து. கனரக லொறி ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருக்கிறார். கார்ச் சஞ்சிகைகளில் பத்தி எழுதியிருக்கிறார். அஸ்ரன் மாட்டின், ஜாகுவார் என்று பழைய கார்களைப் பந்தயத்திடலிலே ஓட்டி, முட்டியும் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1997இல் ஒரு மக்லரன் எஃப்-1 வாங்கினார். எல்லா வகையும் சேர்த்து 106 மட்டுமே செய்யப்பட்ட கார் அது. சாரதிக்கு நடுவிலே ஆசனம், இருபக்கமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு ஆசனங்கள். 1998இல் அந்த வகைக் கார் ஒன்று மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது.

பணக்காரர் கார் வாங்குவதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிச் சீலை போர்த்து மூடிவைப்பவர்கள் ஏராளம். நம் ஊரிலும் வாங்கிய சோபாவின் பொலித்தீனைக் கழற்றாத வீடுகள் இல்லையா? அற்கின்சன் அப்படியல்லர். அந்தக் காரில் கடைக்குப் போனார், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கினார். ஏறத்தாழ 41,000 மைல் ஓடியது. 1999இல் ஒரு சிறிய ஒஸ்ரின் மெற்றோவின் பின்புறத்தில் முட்டினார். 2011 ஓகஸ்டில், கேம்பிறிட்ஜ்ஷயரில் வழுக்கிய வீதியிலே கார் சுழன்று மரத்தில் மோதியது. அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. காரைப் பழுதுபார்க்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. காப்புறுதிக் கம்பனி கொடுத்தது 9 இலட்சத்து 10 ஆயிரம் பவுண். அந்நாளில் பிரித்தானியாவிலே அது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. 2015இல் அது 80 இலட்சம் பவுணுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. வாங்கிய விலையைவிடப் பத்து மடங்குக்கு மேல்! இருமுறை முட்டிய காருக்கு இந்த விலை கிடைத்ததே ஒரு பீன் கதைதான்.

நம் சந்திரபாபுவும் ஞாபகத்துக்கு வருகிறார். தூத்துக்குடியிலே பிறந்து, சிறுவயதில் கொழும்பில் வளர்ந்தவர். சென்னையில் அவர் கட்டத் தொடங்கிய வீட்டிலே, கார் மாடிவரை ஏறிப்போக வழி வைத்தார் என்பார்கள். ஆனால் அவர் கையிலிருந்த பணமெல்லாம் 1966இல் தாமே இயக்கிய படத்தோடும் அதற்கு முந்திய முயற்சிகளோடும் கரைந்தது. 1974இல் வறுமையிலே கண்மூடினார். அவருடைய ஆசையை இன்றைக்கும் கிறுக்கு என்கிறோம். அற்கின்சனுடையதைப் பொழுதுபோக்கு என்கிறோம். எனக்கு இந்தப் பாகுபாடு உடன்பாடில்லை.

2023இல் அற்கின்சன் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மின்சாரக் கார்களைப் பற்றி எழுதினார். புதுக்காரை மூன்று வருடத்தில் மாற்றுவதை விட்டு, இருப்பதைப் பேணி நெடுநாள் ஓட்டுங்கள் என்பது அதிலே அவர் சொன்ன யோசனைகளுள் ஒன்று. மின்சாரக் கார்கள் பற்றிய அவருடைய கணக்குகள் பிழை என்று மறுத்து எழுதினார்கள், அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இருப்பதைப் பேணுவதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை வந்தபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பவுண்போலக் காத்து வைத்த பெற்றோலில் சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெண்புகை கக்கிக்கொண்டு, மணப்பெண்ணையும் ஏற்றும், நோயாளியையும் ஏற்றும். கலியாணக் கூறைச்சேலையிலே மண்ணெண்ணெய் மணந்த காலம் அது. அந்தக் கார்களிற் சில இன்னும் நம் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.