பால்மரம் கற்பித்த பாடமும் சூரிய மின்சாரமும்

(கலும்பாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



நிலக்கரியையும் எண்ணெயையும் குறைத்து, சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறும் முயற்சியில் உலக நாடுகள் இன்று இறங்கியுள்ளன. வல்லரசுகள் பேசவேண்டிய இவ்விஷயம் பால்வெட்டும் மக்களுக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஒரு மூலப்பொருளுக்காக நாடுகள் போட்டியிட்டால் என்ன நேரும் என்பதை ரப்பர் நமக்கு முன்னரே காட்டியிருக்கிறது. ஆகவே இது நமக்குப் புதிய கதையன்று.

1922-இல் பிரிட்டிஷ் அரசு, ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்து விலையை உயர்த்தியது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் வாளாவிருக்கவில்லை. 1926-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லைபீரியாவில் தோட்டம் அமைக்க உரிமை பெற்றது. மறு ஆண்டு ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் நிலம் பெற்றார். டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த தீவுகளின் ரப்பரோ வரம்பின்றிச் சந்தைக்கு வந்தது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை எழுப்பி, 1945-இல் ஆண்டுக்கு 7 இலட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது. போர் ஓய்ந்த பின்னும் அந்தப் போட்டி ஓயவில்லை.

மூலப்பொருளை மட்டும் வைத்திருப்பவனின் பலம் நிலையற்றது. ஆலையும் தொழிலறிவும் உடையவனின் பலமே நிலைக்கும். இதுவே பால்மரம் நமக்குக் கற்பித்த பாடம்.

இன்று அந்தப் பலம் பெரும்பாலும் சீனாவிடம் உள்ளது. சூரியத் தகடு செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் 80 விழுக்காட்டிற்கு மேல் அந்நாட்டினுடையது. மின்சாரக் கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய காந்தங்கள், அரிய மண் கனிமங்களால் ஆனவை. அவற்றைப் பிரித்தெடுக்கும் தொழிலில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சீனாவிலேயே நடக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு வகைக் கனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியதும், பிற நாடுகளின் கார் ஆலைகள் தடுமாறின.

நம் நாடும் இப்போட்டியின் நடுவே நிற்கிறது. குவாந்தானை அடுத்த கெபேங்கில், ஆஸ்திரேலிய நிறுவனமான லைனாஸ், 2012 முதல் இக்கனிமங்களைப் பிரித்தெடுத்து வருகிறது. நம் மண்ணிலும் 1 கோடியே 61 இலட்சம் டன் கனிமம் உண்டென அரசு மதிப்பிட்டுள்ளது. அதனைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்வதற்கு 2024 ஜனவரி முதல் தடை உள்ளது. மூலப்பொருளை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்கலாகாது என்பதே இதன் நோக்கம். ஆயினும் ஆலை வந்தால் கழிவும் வரும். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய இத்தகைய ஆலை, கதிரியக்கக் கழிவு பற்றிய மக்கள் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின் 1994-இல் மூடப்பட்டது. பொருளும் வேண்டும், மக்கள் நலமும் வேண்டும்.

நம் வட்டாரத்தைப் பாருங்கள். தெற்கே செரண்டாவில் சீனாவின் லொங்கி நிறுவனம் 2023-இல் சூரியத் தகடு ஆலை திறந்தது. வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கலும்பாங் இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது. ஆயினும் இவ்வகைத் தொழில்களும் உலக அரசியலுக்குக் கட்டுப்பட்டவையே. மலேசியா உள்ளிட்ட நான்கு தென்கிழக்காசிய நாடுகளின் சூரிய மின்கலங்கள்மீது 2025-இல் அமெரிக்கா கூடுதல் வரி விதித்தது. சீன நிறுவனங்கள் இந்நாடுகளின் வழியே மலிவாக விற்கின்றன என்பது அதன் வாதம். அங்கே வரி உயர்ந்தால் இங்கே ஆலை வேலை குறையக்கூடும்.

2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக அமையவேண்டும் என்பது 2023-இல் வெளியான தேசியத் திட்டத்தின் இலக்கு. அதற்கு நிலம் வேண்டும். தோட்ட நிலங்களையும் நாடுவர். சூரிய மின்பண்ணைக்கு, கட்டி முடித்தபின், சிலர் போதும். ஒரு தோட்டத்திற்கு வேண்டிய ஆள்பலம் அதற்குத் தேவையில்லை.

ஆகவே நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். நிலம் வேறு பயனுக்கு மாறும் என்று கேள்விப்பட்டால், வேலை, வீடு பற்றிய உறுதியைச் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளமும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாளும் குறைந்த அளவாகக் கிடைக்கவேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்த ஆண்டுகளுக்கு அவையே சான்று.

பிள்ளைகளை மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு ஆகிய பயிற்சிகளில் சேர்த்து, சிஜில் கெமஹிரான் மலேசியா சான்றிதழ் பெறச் செய்யுங்கள். நம் முன்னோர் பாலை வாளியில் சுமந்து கொடுத்தனர். அது என்ன பொருளாயிற்று என்பதை அவர்கள் கண்டதில்லை. அடுத்த தலைமுறை ஆலையின் உள்ளே, கருவியைக் கையாளும் இடத்தில் நிற்கட்டும்.