கதவைத் திறந்துவிட்டவர்கள்



"தீவிர வலதுசாரிகளும் தேர்தலும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். உலகத்தையே சுற்றிவந்து பேசலாம். ஆனால் நான் பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் நின்று பேசப் போகிறேன். ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மொத்த மக்கள் தொகையே 21 லட்சம்தான். தலைநகரம் எர்ஃபுர்ட்.

2020 பிப்ரவரி 5. எர்ஃபுர்ட் சட்டமன்றத்தில் மாநில முதல்வரைத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. இரண்டு சுற்றிலும் யாருக்கும் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் தாமஸ் கெம்மரிச் என்பவர் புதிதாகப் போட்டியில் இறங்குகிறார். அவருடைய தாராளவாதக் கட்சிக்கு அந்தச் சபையில் ஐந்தே ஐந்து இடங்கள். அந்தக் கட்சி சபைக்குள் வருவதற்கான 5 சதவீத எல்லையையே நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தாண்டியிருந்தது. ஓட்டு எண்ணினால் கெம்மரிச்சுக்கு 45, ஏற்கெனவே முதல்வராக இருந்த இடதுசாரி போடோ ராமலோவுக்கு 44. ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி தானே ஒரு வேட்பாளரை நிறுத்தியிருந்தது. அந்த வேட்பாளருக்கு மூன்றாவது சுற்றில் எத்தனை ஓட்டு தெரியுமா? பூஜ்யம். அவர்கள் தங்கள் ஆளையே கைவிட்டு, கெம்மரிச்சுக்குப் போட்டுவிட்டார்கள்.

புதிய முதல்வருக்கு வாழ்த்துச் சொல்ல வரிசையாக வருகிறார்கள். இடதுசாரிக் கட்சியின் மாநிலத் தலைவர் சுசானே ஹென்னிக் வெல்சோவும் கையில் பூங்கொத்தோடு வருகிறார். ராமலோ ஜெயித்தால் கொடுப்பதற்காக வைத்திருந்த பூங்கொத்து அது. கெம்மரிச்சின் முன்னால் வந்து நிற்கிறார். கொத்தைக் கையில் கொடுக்கவில்லை, அவர் காலடியில் போடுகிறார். லேசாகத் தலையைக் குனிந்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். அந்தப் படத்தை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். பூக்கள் தரையில் கிடக்கின்றன. சுற்றிலும் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

அடுத்த நாளே தென்னாப்பிரிக்கப் பயணத்தில் இருந்த ஜெர்மனியின் அன்றைய சான்சலர் அங்கேலா மெர்கல், இது மன்னிக்க முடியாதது, திருத்தப்பட வேண்டும் என்று சொல்கிறார். அவருடைய கட்சிக்காரர்களும் அந்த 45-இல் இருந்தார்கள். கெம்மரிச் பதவி விலகுவதாக அன்றே அறிவித்தார். ஐந்தாம் நாள் மெர்கலின் கட்சித் தலைவரே, தான் விலகப் போவதாகச் சொன்னார்.

ஒரு சின்ன மாநிலம், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அதற்கு ஒரு தேசமே ஏன் இப்படிப் பதற வேண்டும்? தொண்ணூறு ஆண்டு பின்னால் போனால்தான் அது நமக்குப் புரியும், நண்பர்களே.

இதே துரிங்கியாவில்தான் வைமர் நகரம் இருக்கிறது. கவிஞர் கேதே வாழ்ந்த ஊர். 1919-இல் அங்குள்ள தேசிய நாடக அரங்கில் கூடித்தான் ஜெர்மானியர்கள் தங்கள் முதல் குடியரசுக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள். அந்தச் சபைக்கு நடந்த தேர்தலில்தான் ஜெர்மன் பெண்கள் முதன்முதலாகத் தேசிய அளவில் ஓட்டுப் போட்டார்கள். பத்தே ஆண்டு. 1929 டிசம்பரில் துரிங்கியாவில் சட்டமன்றத் தேர்தல் நடக்கிறது. நாஜிக் கட்சிக்கு 11.3 சதவீதம். 53 பேர் சபையில் 6 பேர். ஆறு பேரால் என்ன செய்ய முடியும்? எதுவும் செய்ய முடியாது. ஆனால் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த மரியாதைக்குரிய வலதுசாரிக் கட்சிகளுக்கு இந்த ஆறு பேர் தேவைப்பட்டார்கள். கூட்டணிப் பேச்சு நடந்தது. ஹிட்லர் கேட்டது இரண்டே இலாகா: உள்துறை, கல்வி. நிதி கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை. காவல்துறையும் பள்ளிக்கூடமும் கையில் இருந்தால் போதும் என்றார். கொடுத்தார்கள். 1930 ஜனவரி 23 அன்று வில்ஹெல்ம் ஃபிரிக் பதவியேற்றார். ஜெர்மனியில் மாநில மந்திரியான முதல் நாஜி அவர்தான்.

பதினான்கு மாதம் இருந்தார். அதற்குள் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். ஜேனா பல்கலைக்கழகத்தில் இனவாதம் போதிக்க ஒரு பேராசிரியர் நாற்காலி போட்டு குந்தர் என்பவரை உட்காரவைத்தார். அவருடைய முதல் வகுப்பைக் கேட்க ஹிட்லரே வந்து உட்கார்ந்திருந்தார். வைமர் அருங்காட்சியகத்தில் இருந்து பால் கிளே, காண்டின்ஸ்கி போன்றவர்களின் ஓவியங்கள் இறக்கப்பட்டன. ஒரு கட்டடத்தில் ஷ்லெம்மர் வரைந்த சுவரோவியங்கள் மேல் வெள்ளை அடித்தார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த மணியோசை துரிங்கியாவில் 1930-லேயே கேட்டுவிட்டது.

இதையும் சொல்லியாக வேண்டும். 1931 ஏப்ரலில் கூட்டணிக் கட்சி ஒன்று பொறுமை இழந்து விலகியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஃபிரிக் போனார். அதாவது, திறந்த கதவை மூட அப்போதும் வழி இருந்தது.

இனி எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த மேடைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான். ஹிட்லரை ஜெர்மன் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியில் உட்காரவைத்தார்கள் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். 1928-இல் நாஜிகளுக்கு 2.6 சதவீதம். பொருளாதாரம் நொறுங்கி, வேலையில்லாதவர்கள் வீதியில் நின்ற பிறகு, 1930-இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. அதுதான் உச்சம், சுதந்திரமான தேர்தலில் அதற்கு மேல் அவர்கள் ஏறவேயில்லை. நான்கே மாதத்தில், நவம்பரில், 33.1-க்கு இறங்கினார்கள். 20 லட்சம் ஓட்டு போயிற்று. டிசம்பரில் துரிங்கியா உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் பெரிய சரிவு. தேய்பிறை தொடங்கிவிட்டது என்றே பலரும் எழுதினார்கள்.

தேய்ந்துகொண்டிருந்த கட்சியின் தலைவர் எப்படி சான்சலர் ஆனார்? 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளர் வீட்டில் ஹிட்லரும் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனும் சந்தித்தார்கள். பாப்பன் முன்னாள் சான்சலர், பிரபு வம்சம், கிழட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் செல்லப்பிள்ளை. ஹிட்லருக்கு நாற்காலி, தனக்குத் துணை நாற்காலி, மந்திரிசபையில் நாஜிகள் மூன்றே பேர், மற்றவர்களெல்லாம் நம் ஆட்கள். ஆளை மூலையில் கட்டிப்போட்டுவிடலாம் என்று பாப்பன் கணக்குப் போட்டார். ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்றார். அந்த மூன்று பேர் யார்? ஹிட்லர், கோரிங், மூன்றாவது ஃபிரிக். துரிங்கியாவில் ஒத்திகை பார்த்த அதே ஃபிரிக், அதே உள்துறைக்கு. கோரிங் கையில் பிரஷ்யா மாநிலத்தின் போலீஸ்.

மூன்றில் ஒரு பங்கு மக்கள்தான் அவருக்குப் போட்டார்கள். மற்ற இரண்டு பங்கையும் அவருக்குக் கொடுத்தது ஓட்டுப்பெட்டி இல்லை, அய்யா! வெள்ளைக் காலர் போட்ட, தேவாலயத்துக்குப் போகிற, நன்றாகப் படித்த பெரிய மனிதர்கள் கொடுத்தார்கள்.

மார்ச் 23. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து போனதால் க்ரோல் இசையரங்கில் சபை கூடுகிறது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை முழுசாக அரசாங்கத்துக்கே கொடுத்துவிடும் மசோதா. அரங்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பழுப்புச் சட்டை போட்ட நாஜி அடியாட்கள். கம்யூனிஸ்டுகளின் 81 இடங்களிலும் யாரும் இல்லை. சிறையில் இருந்தார்கள், தலைமறைவாக இருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் மட்டும் எழுந்து எதிர்த்துப் பேசினார். எங்கள் சுதந்திரத்தை, உயிரைக்கூட எடுக்கலாம், மானத்தை எடுக்க முடியாது என்ற பொருளில் பேசினார். 94 பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். 444 பேர் வேண்டும் என்றார்கள்.

அந்த 444 பேரில் ஒருவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தியோடோர் ஹாய்ஸ். எழுத்தாளர், தாராளவாதி. ஹிட்லரைக் கண்டித்து 1932-லேயே புத்தகம் எழுதியவர். அவருடைய கட்சிக்குச் சபையில் ஐந்தே பேர். தங்களுக்குள் பேசியபோது அவர் எதிர்த்தார். பெரும்பான்மை ஆதரிக்க முடிவெடுத்தது. கட்சிக் கட்டுப்பாடு என்று அவரும் ஆதரித்தே ஓட்டுப் போட்டார். போர் முடிந்த பின் 1949-இல் மேற்கு ஜெர்மனியின் முதல் ஜனாதிபதி ஆனார், நல்ல ஜனாதிபதியாகவே இருந்தார். ஆனால் அந்த ஓட்டைத் தன் வாழ்க்கையிலிருந்து அழிக்கவே முடியாது என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போனார். கெட்டவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். ஹாய்ஸைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் நடந்ததா? பெல்ஜியத்தில் லியோன் டெக்ரெல் என்பவர் ரெக்ஸ் என்ற கட்சியை வைத்து 1936-இல் 21 இடம் பிடித்தார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் வேண்டுமென்றே ஒரு இடைத்தேர்தலை உண்டாக்கி, தானே நின்றார். பிரதமர் வான் சேலண்ட் நேராக எதிரில் வந்து நின்றார். கத்தோலிக்கர், சோஷலிஸ்டுகள், தாராளவாதிகள், கம்யூனிஸ்டுகள் யாரும் தனி வேட்பாளர் போடவில்லை. டெக்ரெலுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று கர்தினாலே வெளிப்படையாகச் சொன்னார். டெக்ரெல் கத்தோலிக்கர்களிடம் ஓட்டுக் கேட்டு வளர்ந்தவர் என்பதை மறக்காதீர்கள். பிரதமருக்கு 76 சதவீதம், டெக்ரெலுக்கு 19. 1939-இல் ரெக்ஸுக்கு மிஞ்சியது 4 இடம். அதே பத்தாண்டு, அதே பொருளாதாரச் சரிவு, அதே வகைக் கட்சி. அங்கே சொந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை.

இன்றைய ஜெர்மனிக்கு வருகிறேன். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே, ஒன்று பற்றினால் மற்றதுக்கு நெருப்புத் தாவாமல் இருக்க ஒரு சுவர் எழுப்புவார்கள். ஜெர்மானியர் அதை பிராண்ட்மவர் என்கிறார்கள். ஏஎஃப்டியோடு கூட்டு இல்லை என்ற மற்றக் கட்சிகளின் முடிவுக்கும் அதே பெயர்தான். 2013-இல் யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளாதாரப் பேராசிரியர்கள் தொடங்கிய கட்சி அது. பேராசிரியர்கள் சீக்கிரமே வெளியேற, குடியேறிகள் மீதான வெறுப்பு உள்ளே வந்தது. 2017-இல் 12.6 சதவீதம். 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதம், 152 உறுப்பினர்கள், இரண்டாவது பெரிய கட்சி. அந்தத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, குடியேற்றக் கட்டுப்பாடு கோரி மெர்கலின் கட்சிக்கு இப்போது தலைவராக வந்திருந்த ஃபிரீட்ரிஷ் மெர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 348-க்கு 344 என்று, ஏஎஃப்டி ஓட்டோடு நிறைவேறியது. லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். ஓய்வில் இருந்த மெர்கலும் கண்டித்தார். இரண்டு நாள் கழித்து மெர்ஸ் கொண்டுவந்த மசோதாவுக்கு அவருடைய கட்சியிலேயே சிலர் ஓட்டுப் போடவில்லை, தோற்றது.

ஏஎஃப்டியும் நாஜிகளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இன்று தெருவில் துப்பாக்கிப் படை இல்லை, நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களை எல்லாம் நாஜி என்று திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வராது. துரிங்கியாவில் பிஷோஃபரோடே என்று ஒரு பொட்டாஷ் சுரங்கம் இருந்தது. கிழக்கும் மேற்கும் இணைந்த பிறகு அதை மூடப் போகிறோம் என்றார்கள். 1993-இல் சுரங்கத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் மூடியேவிட்டார்கள். அப்படி எத்தனையோ ஆலை! பிள்ளைகள் வேலை தேடி மேற்கே போனார்கள், ஊர்களில் கிழவர்கள் மிஞ்சினார்கள். அந்தக் கோபம் பொய்யில்லை. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் விட்டவர்கள் மீது எனக்கும் கோபம்தான்.

ஆனால் அந்தக் கோபம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? துரிங்கியாவில் ஏஎஃப்டிக்குத் தலைவர் பியோர்ன் ஹோக்கே. வரலாற்று ஆசிரியராக இருந்தவர். நாஜி அடியாட்படையின் தடைசெய்யப்பட்ட முழக்கத்தை மேடையில் சொன்னதற்காக 2024 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது. நான்கே மாதத்தில் செப்டம்பர் 1 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 32.8 சதவீதம். 88-இல் 32 இடம். போருக்குப் பின் ஒரு ஜெர்மன் மாநிலத்தில் இப்படியொரு கட்சி முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை.

சபையின் முதல் கூட்டம் செப்டம்பர் 26. மூத்த உறுப்பினர் தலைமை வகிப்பது மரபு, அவர் ஏஎஃப்டிக்காரர். சபாநாயகர் தேர்வு பற்றி மற்றக் கட்சிகள் கொண்டுவந்த தீர்மானத்தை ஓட்டுக்கு விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். மணிக்கணக்கில் கூச்சல். வழக்கு மாநில அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் இருக்கும் ஊர் எது தெரியுமா? வைமர். மறுநாளே தீர்ப்பு, அதற்கு அடுத்த நாள் சபாநாயகர் தேர்வானார். டிசம்பரில் மற்றக் கட்சிகள் சேர்ந்து, மெர்கல் கட்சியைச் சேர்ந்த மாரியோ ஃபோய்க்ட்டை முதல்வராக்கின. அவருடைய மூன்று கட்சிக் கூட்டணிக்கு 44 பேர்தான், சரிபாதி. ராமலோவின் இடதுசாரிகளோடு காலமெல்லாம் சண்டையிட்டவர்கள் இன்று அவர்களிடம் பேசித்தான் ஆட்சி நடத்த வேண்டும். 1930-இல் அங்கிருந்த வலதுசாரிக் கட்சிகள் செய்ய மறுத்த காரியம் அது.

முப்பத்திரண்டு பேரால் ஆட்சி அமைக்க முடியவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். அந்த வைமர் நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவர்கள் சம்மதமில்லாமல் அது நடக்காது.

கடைசியாக ஒன்று. பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. இரும்புத் தகடுகள், புத்தக அலமாரியில் புத்தகங்களைச் செருகிவைத்ததுபோல வரிசையாக, செங்குத்தாக. மொத்தம் 96. நாஜிகள் கொன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர்கள். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் பெயர், கட்சி, இறந்த இடம், தேதி. நடந்துபோகிறவர்கள் குனிந்தால்தான் படிக்க முடியும். இன்னும் யாருடைய பெயராவது தெரியவந்தால் சேர்த்துக்கொள்வதற்கு வசதியாகவே அந்த வரிசையை அமைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள்தான் 2025 தேர்தலில் வென்ற 152 ஏஎஃப்டி உறுப்பினர்கள் நுழைந்தார்கள்.