ஒற்றைக் கண் குட்டிகள் சொன்ன ரகசியம்

இன்னைக்கு நம்ம கதை 1950கள்ல, அமெரிக்காவோட ஐடஹோ மாநிலத்துல ஆரம்பிக்குது. அங்க செம்மறி ஆடு வளர்த்தவங்களுக்கு ஒரு விஷயம் புரியவே இல்ல. சில குட்டிகள் முகத்துக்கு நடுவுல ஒரே ஒரு கண்ணோட பிறந்துச்சு.

ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா தேடி, காரணம் மலைப்பக்கம் வளர்ற கார்ன் லில்லிங்கிற செடின்னு கண்டுபிடிச்சாங்க. சினை ஆடு 14ஆவது நாள் வாக்குல அதை மேய்ஞ்சாதான் ஒற்றைக் கண். ரொம்ப நாள் கழிச்சு மேய்ஞ்சா அந்தக் குறை வராது. செடியில இருந்த வேதிப்பொருளுக்கு சைக்ளோபமைன்னு பேர் வெச்சாங்க.

அந்த நாள்ல அப்படி என்ன நடக்குது? கருவுல கண்ணுக்கான பகுதி முதல்ல ஒண்ணாதான் இருக்கும். அதை ரெண்டாப் பிரிக்கச் சொல்ற சமிக்ஞை, சோனிக் ஹெட்ஜ்ஹாக்ங்கிற புரதம். ஆமாங்க, வீடியோ கேம் பேரேதான்! இதோட சொந்தக்கார ஜீனை 1980ல பழ ஈக்கள்ல விவரிச்ச நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் 1995ல நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டாங்க.

இது வேலை செய்யற விதம் கொஞ்சம் விசித்திரம். செல்லுல ஸ்மூதன்ட்னு ஒரு புரதம், கிளம்பத் தயாரா நிற்கும். பேட்ச்டு அதை அடக்கி வைக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடிச்சுகிட்டா ஸ்மூதன்ட் விடுபடும். உட்கருவுக்குச் செய்தி போகும். அதாவது, இங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிறதில்ல, பிரேக்கை விடறாங்க. அந்தச் செய்தி தட்டி எழுப்புற ஜீன்கள்ல ஒண்ணு எது தெரியுமா? பேட்ச்டேதான்! வண்டி ஓட ஓட, கூடுதலா பிரேக் தயாராகுது. அதனால சமிக்ஞை அளவு மீறாது.

சைக்ளோபமைன் ஸ்மூதன்டைப் பிடிச்சு முடக்கிடுது. பிரிக்கச் சொல்ற செய்தி போய்ச் சேரல. அதான் ஒற்றைக் கண்.

இப்போ மறுபக்கம். பேஸல் செல் கார்சினோமாங்கிற தோல் புற்றுநோய்ல பெரும்பாலும் பேட்ச்டு ஜீன் பழுதாகி இருக்கும். பிரேக் இல்லாத வண்டி. முற்றிய நிலையில இருக்கிறவங்களுக்கு 2012ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச விஸ்மோடெகிப் மருந்தும் அதே ஸ்மூதன்டைத்தான் முடக்குது. அதனாலதான் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடவே கூடாதுன்னு கடுமையான எச்சரிக்கை.

ஒரே சமிக்ஞைதான். கருவுல நின்னா முகம் கெடுது, பெரியவங்க தோல்ல நிக்காம ஓடினா புற்றுநோய் வருது. எப்போ, எங்கே, எவ்வளவுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.