மெல்ல விடுதல்



மனக்கலக்கத்தைத் தணிக்கும் டயசிபாம் என்னும் மருந்து 1963இல் விற்பனைக்கு வந்தது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற இயற்கைப் பொருளுக்கு அது துணை செய்கிறது. நெடுநாள் உண்டால் மூளை அத்துணைக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் உறக்கமின்மையும் நடுக்கமும், சில வேளை வலிப்பும் நேரும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் எவரும் நிறுத்தலாகாது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கெனச் சிகிச்சைப் பிரிவு நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையை விளக்கி எழுதினார். நானும் மருத்துவர் மேற்பார்வையில் அவ்வாறே குறைத்து, 14 மாதங்களில் அத்தகைய மாத்திரையொன்றை விட்டவன். உறங்காத இரவுகள் பல வந்தன. அவை நோயின் மீட்சியல்ல, மூளை தன் நிலைக்குத் திரும்பும் உழைப்பு என்று அறிந்திருந்ததே எனக்குத் துணையாயிற்று.

உங்கள் இல்லத்தில் எவரேனும் இவ்வழி நடப்பாராயின், மன உறுதி போதாதென்று கடிந்துகொள்ளாதீர்கள், பொறுமையோடு அருகிருங்கள்.