ஈறு நோயும் ரண சிகிச்சையும்

(ரஞ்சன்குடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியையும் கலியாணச் செலவையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் பல்லைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணுதல் கூடும். நம் குடும்பங்களில் அறுபது வயதாகுமுன்னரே பல்லிழந்து, சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்குவோர் எத்தனையோ பேரை யாம் கண்டிருக்கின்றோம். அவர்களுட் பலருக்குச் சொத்தையே இல்லை. நல்ல பற்களே ஆடி ஆடி விழுந்தன. காரணம் ஈறு நோய். கடுமையான ஈறு நோயுடையோர் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டவர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022-ஆம் வருஷத்து மதிப்பு.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. பல்லடியிற் படியும் ஊத்தையிற் கிருமிகள் பெருகும். அவ்வூத்தை உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தால் இறுகிக் காரையாகும். ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்குங்கால் இரத்தம் கசியும். அப்பொழுதே சுத்தம் செய்துகொண்டால் முற்றுங் குணமாகிவிடும். அசட்டையாய் விட்டால் ஈறு பல்லினின்று விலகி இடையே குழி விழும். அதனடியில் எலும்பு கரையத் தொடங்கும். இவ்வூர்க் கோட்டையின் அகழி பகைவரைத் தடுக்க வெட்டியது. பல்லைச் சுற்றி விழும் அகழியோ பகைவனுக்கே இருப்பிடம். பிரஷும் வேப்பங்குச்சியும் அதனடியை எட்டமாட்டா.

காரையை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்பார் நம்முள் உண்டு. எலும்பை முன்னரே இழந்த பற்களைக் காரை ஒட்டிப் பிடித்திருந்தது. அதை நீக்கியவுடன் உள்ளிருந்த ஆட்டம் வெளிப்பட்டது. வைத்தியர் மீது பழி சுமத்துவது நியாயமன்று.

வைத்தியர் மெல்லிய அளவுகோலைச் செருகிக் குழியை அளப்பர். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்குமேல் ஆழமிருந்தாலும் உடனே கத்தி வேண்டுவதில்லை. முதலில் ஈற்றினடியிலுள்ள காரையைச் சுரண்டி வேரை வழவழப்பாக்குவர். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பர். பலருக்கு இதுவே போதும். இதனைச் செய்யாமலே கத்தியெடுக்க விரும்பும் வைத்தியரிடம் காரணம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அதன் பின்னும் 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமாய் ஆழ்ந்த குழிகள் எஞ்சுமாயின், ரண சிகிச்சையை ஆலோசிப்பர். மரத்துப்போக ஊசியிட்டு, ஈற்றைக் கீறி மடலைப்போல் விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணாற் கண்டு சுத்தஞ்செய்து, மீண்டும் பொருத்தித் தைப்பர். சுவீடன் தேசத்து விட்மன் என்பார் 1918-இல் விவரித்த முறை 1974-இல் திருத்தம் பெற்று இன்றும் வழங்குகின்றது. எலும்பு கிணறுபோற் குழிந்திருப்பின் எலும்புத்தூள் இட்டும் மெல்லிய சவ்வு போர்த்தும் ஓரளவு வளரச்செய்யலாம்; எங்கும் ஒரே மட்டமாய்க் கரைந்துவிட்ட எலும்பை அவ்வாறு மீட்பது அரிது. வலிப்பு மருந்தாலும் சில இரத்த அழுத்த மருந்துகளாலும் ஈறு மிகைபட வளர்ந்தவர்க்கு மிகையை அரிந்துவிடுவர். ஈறு இறங்கி வேர் தெரிபவர்க்கு அண்ணத்தினின்று சதை எடுத்து ஒட்டுவதும் உண்டு. லேசர் என்ற பெயரைக் கேட்டு மயங்குவார் பலர். அஃதும் ஒரு கருவியே, செலவு மட்டும் அதிகம்.

சிகிச்சைக்குப்பின் வீக்கம் தணிந்து ஈறு சுருங்குதலால் பற்கள் நீண்டு தோன்றும். குளிர்ந்த நீர் கூசும். இதனை முன்னரே அறியாதவர், காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று வருந்துவர். புகையிலையை விடாதவர்க்கு ரணம் ஆறுவதும் பலன் நிற்பதும் குறைவு. நீரிழிவு கட்டுப்படாதவர்க்கும் அவ்வாறே. ஈறு நோய் தணிந்தால் நீரிழிவும் சிறிது தணிகின்றது என்பது ஆராய்ச்சியிற் கண்டது.

"ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டால் செலவு தீர்ந்தது" என்று வீட்டுப் பெண்மக்களுக்குக் கணக்குச் சொல்லும் ஆடவரை யாம் அறிவோம். தங்கள் பல்லுக்கு அக்கணக்கை அவர்கள் சொல்வதில்லை! பல்லாடும் தாய்மாரும் முதலில் குழியை அளந்து பார்க்கும் உரிமையுடையர்.

சென்னையிலுள்ள அரசினர் பல் மருத்துவக் கல்லூரியை நாடவேண்டியிருந்த காலம் போக, 2023-இல் புதுக்கோட்டையிலும் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. செல்வோர் தாம் உண்ணும் மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், தாமாக நிறுத்தலாகாது.