எரிந்த உத்தரமும் மூன்று ஆணிகளும்



இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர்மீது 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் விடியும்வரை குண்டு பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்தில் எழுந்த தூய மைக்கேல் பேராலயத்தின் கூரை எரிந்து உள்ளே சரிந்தது. கோபுரமும் வெளிச்சுவர்களுமே எஞ்சின.

இடிபாட்டைப் பார்த்த கல்தச்சர் ஜாக் ஃபோர்ப்ஸ், கரிந்த உத்தரங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்து கிடக்கக் கண்டார். அவற்றைச் சேர்த்துக் கட்டிச் சிலுவையாக நிறுத்தினார். உடைந்த கற்களை அடுக்கிப் பலிபீடமும் எழுந்தது. ஆர்தர் வேல்ஸ் என்னும் குருவானவரோ சிதறிக் கிடந்த கூரை ஆணிகளில் மூன்றை இணைத்து மற்றொரு சிலுவை செய்தார். நூற்றாண்டுக் கணக்கில் மரத்துக்குள் மறைந்திருந்து கூரையைத் தாங்கிய ஆணிகள் அவை. கூரை போன பின்னரே கண்ணுக்குத் தெரிந்தன. கிறித்தவருக்கு ஆணி வெறும் இரும்பன்று, இயேசுவின் உடலைத் துளைத்த கருவி. துளைத்த பொருளையே தொழும்பொருளாக்க எத்துணை மனத்திண்மை வேண்டும்!

கவிஞர்கள் இங்குச் சற்றே நிற்க வேண்டும். பலிபீடத்தின் பின்சுவரில் தலைமைக்குரு ரிச்சர்டு ஹோவர்டு பொறிக்கச் செய்தவை இரண்டே சொற்கள்: ‘பிதாவே, மன்னியும்.’ வேதவாக்கில் உள்ள ‘இவர்களுக்கு’ என்னும் சொல் அங்கில்லை. அச்சொல் இருந்திருப்பின் குற்றவாளி ஜெர்மானியன் மட்டுமே. அது நீங்கியதும் வேண்டுபவனும் குற்றத்தின் பங்காளியாகிறான். பிள்ளைகளைப் புதைத்த ஊரில் இதை எழுத எளிதில் துணிவு வாராது. ஒரு சொல்லை நீக்குவதால் பொருள் இவ்வளவு விரிவது யாப்பறிந்தோருக்கும் வியப்பே.

ஆணிச் சிலுவைகள் பின்னர் ஜெர்மனிக்கே சென்றன. குண்டுக்கு இரையான கீல், பெர்லின் நகர ஆலயங்கள் அவற்றைப் பெற்றன. இடிபாட்டை அகற்றாமல் அதன் அருகிலேயே பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதிய பேராலயம் 1962 மே 25-இல் அருட்பொழிவு பெற்றது. அதன் உயர்பீடத்தில் ஜெஃப்ரி கிளார்க் படைத்த சிலுவையின் நடுவே அந்த மூன்று ஆணிகளே உள்ளன. அதே மாதம் அங்கு பெஞ்சமின் பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ முதன்முதலாக இசைக்கப்பட்டது. அதில் ஒலித்த கவிதைகள், 1918-இல் போர் முடிய ஒரு வாரமே இருக்கையில் களத்தில் மடிந்த வில்பிரட் ஓவெனுடையவை.

நகரின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றிலும் ஓர் ஆணிச் சிலுவை இருந்தது என்பதுதான் உறுத்துகிறது. அக்கப்பல் 1982 மே 25-இல், பேராலயத்தின் இருபதாம் ஆண்டு நாளன்றே, ஃபாக்லாந்துக் கடலில் விமானக் குண்டுகளால் மூழ்கியது. முக்குளிப்போர் சிலுவையை மீட்டனர். பின்னர் அது வேறொரு போர்க்கப்பலில் ஏறியது.