பக்கவாதமும் கம்ப்யூட்டர் போடும் மார்க்கும்

(சித்தூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பற்றி விசாரித்தால், "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். போன மாதத்தைவிட எவ்வளவு பரவாயில்லை? அதைச் சொல்லத்தான் அளவுகோல்கள் உள்ளன.

1965-இல் அமெரிக்காவில் வெளியான பார்த்தெல் அட்டவணை இன்றும் வழக்கில் உள்ளது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மாடிப்படி ஏறுவது என்று 10 காரியங்கள். மொத்தம் 100 மார்க். காகிதத்தில் போட்டுவந்த இத்தகைய மார்க்குகளை இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து, வாராவாரம் ஒப்பிட முடிகிறது. சில முறைகளில், முந்தைய பதிலைப் பார்த்துக் கம்ப்யூட்டரே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். மாடி ஏறுகிறவரிடம், "படுக்கையில் புரள முடிகிறதா?" என்று கேட்காது. களைத்துப்போன நோயாளிக்கு இது பெரிய உபகாரம்.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. சித்தூர் ஜில்லா அரகொண்டா கிராமம், 2000-ஆம் ஆண்டிலேயே அப்போலோவின் டெலிமெடிசின் திட்டத்தில் சென்னை டாக்டர்களுடன் இணைக்கப்பட்டது. திருப்பதி ஸ்விம்ஸில் நரம்பியல் துறையும் பிசியோதெரபி கல்லூரியும் உள்ளன. அருகிலுள்ள வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சிக் கருவி 2025-இல் அறிமுகமானது. கையின் அசைவைத் திரையில் விளையாட்டாகக் காட்டிப் பயிற்சி தருகிறது.

ஆனால் கருவி மட்டும் போதாது என்பதை என் அண்ணா விஷயத்தில் கண்டேன். அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. சில வாரங்களில் பயிற்சி அறையில் டம்ளரைப் பிடித்தார். சாப்பாட்டு மார்க் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. தெரபிஸ்டிடம் கேட்டேன். "அவரால் என்ன முடியும் என்பதற்கு மார்க் இல்லை சார், தினமும் என்ன செய்கிறார் என்பதற்குத்தான்" என்றார். வீட்டில் மன்னி அல்லவா ஊட்டிக்கொண்டிருந்தார்!

அன்று இரவே மன்னி ஸ்பூனை அண்ணா கையில் கொடுத்தார். பாதி சாதம் கீழே சிந்தியது. மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர, ஊட்டவில்லை. அடுத்த மாதம் மார்க் 5; பிறகு 10.

அட்டவணையில் இல்லாத ஒன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தோம்: ஆசமனம். உள்ளங்கையில் விட்ட தீர்த்தம் சிந்தாமல் நின்ற தேதி அதில் இருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள்: டிஸ்சார்ஜ் ஆகும்போது நோயாளியின் மார்க்கைக் கேட்டு வாங்குங்கள். அவர் தாமாகச் செய்ததை மட்டும் வாரம் ஒருமுறை குறியுங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.